கிள்ளாதீங்க ஸார்!

மச்சினன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அந்தப் பாசத்தையெல்லாம் ஹாலில் இருக்கும் கடல் மீன் தொட்டியில் கொட்டி வைத்திருக்கிறான். இரண்டு கோமாளி மீன்கள், முதல் போனஸில் வாங்கின பச்சைப் பவளம் ஒன்று.

போன முறை போயிருந்தபோது, பவளத்துக்குப் பக்கத்துக் கல்லில் குட்டித் தென்னைமரம் மாதிரி, கண்ணாடிப் பழுப்பில் ஏதோ ஆடிக்கொண்டிருந்தது. தொட்டேன். விருட்டென்று பொந்துக்குள் போய்விட்டது. 'களை' என்று முடிவு கட்டி, மறுபடி தலை நீட்டியதும் நகத்தால் கிள்ளிவிட்டேன். ஓசிச் சாப்பாட்டுக்கு ஏதோ நம்மாலான கைம்மாறு!

ஊர் திரும்பி ஆறு வாரம். வாட்ஸ்அப்பில் போட்டோ. "மாமா, தொட்டியில கை வெச்சீங்களா?"

எண்ணிப் பார்த்தேன். பதினேழு! "நானா? சேச்சே!" என்றேன்.

அதன் பெயர் ஐப்டேசியா. கடல் சாமந்தி வகை. பவளத்துக்குப் பங்காளி முறை. பங்காளி என்றால் சும்மா இருக்குமா? பக்கத்துப் பவளத்தைக் கொட்டியே கருக்கிவிடும். கல்லோடு ஒட்டிக்கொண்டு தொட்டிக்குள் நுழையும். பிய்த்தால் கல்லில் தங்கும் துளிச் சதைகூடத் தனி ஆளாக முளைக்கும். பி.காமில் கூட்டு வட்டி படித்திருக்கிறேன். இது கந்து வட்டி ஸார்!

"கடைக்காரன் ஏமாத்திட்டான் மாமா, சண்டை போடப் போறேன்" என்றான். அப்பாவி மனுஷன் பேச்சு வாங்குவாரே! உண்மையைக் கக்கிவிட்டேன். அரை நிமிஷம் மௌனம். பிறகு அதே கடைக்காரரிடம் வைத்தியம் கேட்டு வந்தான்.

மருந்து கால்சியம் ஹைட்ராக்ஸைடு. வெற்றிலைக்குத் தடவுகிற சுண்ணாம்பேதான். ஆனால் தொட்டிக்கென்று விற்கிற சுத்தமான பொடி வேண்டும். கெட்டிக் கூழாகக் குழைத்து, சிரிஞ்சில் ஏற்றி, பம்பை நிறுத்திவிட்டு, அது விரிந்து நிற்கும்போது நடுவில் இருக்கும் வாய்மேல் மெதுவாக விட வேண்டும். இடித்தால் உள்ளே ஓடிவிடும். பதினேழையும் ஒரே ராத்திரியில் தீர்த்துக்கட்டக் கூடாது. தண்ணீரில் காரத்தன்மை ஏறி மீனுக்கே ஆபத்து. நாளைக்கு இரண்டு, மூன்று போதும்.

சிரிஞ்சுக்கு எட்டாததை பெப்பர்மின்ட் இறால் தின்னும். எல்லா இறாலும் வேலை பார்க்காது; சிலது மீன் தீனியைத் தின்றுவிட்டுச் சும்மா இருக்கும் (நம்ம ஆபீஸில் இல்லையா?). அதே ஜாடையில் கேமல் இறால் என்று ஒன்று உண்டு. அதைத் தெரியாமல் வாங்கிவிட்டால் பவளத்தையே மேயும். பெர்கியா என்கிற ஓடில்லாத கடல் நத்தைக்கு ஐப்டேசியாதான் சோறு. தீர்ந்ததும் வேறு தொட்டிக்கு மாற்றாவிட்டால் பட்டினிதான்.

இரண்டு மாசமாச்சு. பவளம் பாதி போய்விட்டது, மீதி பிழைத்துக்கொண்டது. நேற்று போட்டோ அனுப்பியிருந்தான். தொட்டியில் புதுசாக ஒரு சீட்டு ஒட்டியிருந்தது:

'மாமா தொடக் கூடாது.'