ஈயத் தோட்டாவா, செம்புத் தோட்டாவா?

மாணவர்களே, வட அமெரிக்காவில் எல்க் மான் வேட்டைக்குப் போகிறவர்களிடையே ஒரு விவாதம் உண்டு. சாதாரண ஈயத் தோட்டா போதுமா, விலை கூடிய செம்புத் தோட்டா வேண்டுமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 கிராம் தோட்டா விநாடிக்கு 800 மீட்டர் வேகத்தில் பாய்ந்தால், அதன் இயக்க ஆற்றல் 3,200 ஜூல். ஈயமோ செம்போ, இந்த எண் மாறாது. மாறுவது உலோகத்தின் குணம். மென்மையான ஈயம் எலும்பில் மோதினால் துகள்களாகச் சிதறி இறைச்சியில் கலக்கும். செம்பு பெரும்பாலும் சிதறாமல் ஆழமாகச் செல்லும்.

ஈயம் நரம்பு மண்டலத்தைத் தாக்கும் நஞ்சு. வேட்டை மிச்சத்தைத் தின்ற காண்டோர் கழுகுகள் பல மடிந்தன. கலிபோர்னியா மாநிலம் 2019 ஜூலை 1 முதல் வேட்டையில் ஈயத் தோட்டாவை முற்றாகத் தடை செய்தது. எனவே, அந்தக் கூடுதல் விலை வீண் செலவு அல்ல என்பேன்.

ஆனால், கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் நமக்கு வேறொரு கேள்வியே முக்கியம். நம் காட்டின் பெரிய மானான மிளா, மலாயாப் புலியின் இரை. 2016 முதல் 2020 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பின்படி, காட்டில் எஞ்சிய புலிகள் 150க்கும் குறைவு. புலியின் உணவை நாம் பறித்தால், தோட்டா எந்த உலோகமாய் இருந்தால் என்ன?

யாராவது மான்கறி பரிமாறினால், தட்டை நீட்டும் முன் கேளுங்கள்: பண்ணை மானா, காட்டு மானா?