விந்தில் ரத்தம்: பதறவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம்!

போடிநாயக்கனூரில் விடிவதற்கு முன்பே ஜீப் ஏறி, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்குப் போகும் ஓர் இளைஞரை நினைத்துப் பாருங்கள். வயது 28. ஒருநாள் இரவு விந்தில் ரத்தம் கலந்திருப்பதைப் பார்க்கிறார். வலி இல்லை. ஆனால், தூக்கம் போய்விடுகிறது. மனைவியிடம் சொல்லக் கூச்சம். நண்பனிடம் சொன்னால், "எல்லாம் சூடுடா, எண்ணெய் தேய்ச்சுக் குளி" என்ற பதில்தான் வரும். மலைக் குளிரில் வேலை பார்ப்பவருக்கும் நம் ஊரில் சூடுதான் காரணம்!

இந்த இளைஞர் கற்பனை. அவருடைய கூச்சம் கற்பனை இல்லை. சென்னை ஐ.டி. கம்பெனியில் இருப்பவரும் இதே நேரத்தில் போனை எடுத்து, ரகசியமாகத் தேடிக்கொண்டுதான் இருப்பார்.

ரத்தம் எங்கிருந்து வருகிறது?

விந்து முழுவதும் விரைகளில் உருவாவதாகப் பலர் நினைக்கிறோம். உண்மையில் அந்தத் திரவத்தின் பெரும்பகுதி விந்துப்பைகளிலிருந்தும் புராஸ்டேட் சுரப்பியிலிருந்தும் வருகிறது. விரைகளிலிருந்து வருவது மிகச் சிறிய பங்குதான். இந்தப் பாதையில் எங்காவது கிருமித்தொற்றோ வீக்கமோ ஏற்பட்டு, நுண்ணிய ரத்தக்குழாய் கசிந்தால் விந்தில் சிவப்பு தெரியும். பழைய ரத்தம் என்றால் பழுப்பாக இருக்கும். மருத்துவத்தில் இதற்கு 'ஹீமட்டோஸ்பெர்மியா' என்று பெயர்.

கல், நீர்க்கட்டி, பாலியல் தொற்று, மிக அதிகமான ரத்த அழுத்தம், ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை ஆகியவையும் காரணமாகலாம். புராஸ்டேட்டில் பயாப்ஸி செய்த பிறகு சில வாரங்கள் இப்படி வருவது சகஜம். காசநோய் நுரையீரலை மட்டுமல்ல, இந்த உறுப்புகளையும் தாக்கும். காரணமே கண்டுபிடிக்க முடியாத கேஸ்களும் நிறைய.

நல்ல செய்தி என்னவென்றால், 40 வயதுக்குக் கீழே, வேறு தொந்தரவு இல்லாமல் ஓரிரு முறை வந்தால் பெரும்பாலும் அது தானாகவே சரியாகிவிடும். இதனால் ஆண்மை போய்விடாது. புற்றுநோய் காரணமாக இருப்பது அரிது.

பயத்தை விற்பவர்கள்

'ஒரு சொட்டு விந்து, பல சொட்டு ரத்தத்துக்குச் சமம்' என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அப்படிப்பட்டவர் விந்தில் ரத்தத்தையே பார்த்தால், 'சின்ன வயசுப் பழக்கம்தான் காரணமோ' என்று நடுங்கத்தானே செய்வார்? அந்த நடுக்கம்தான் சிலருக்கு முதலீடு. லாட்ஜ் அறையில் மாதம் ஒருமுறை முகாம் போடுபவர்கள் முதல் யூடியூப் லேகிய விளம்பரம் வரை இதை நம்பித்தான் ஓடுகின்றன. பாலியல் திறனைக் கூட்டும் மருந்து என்று விளம்பரம் செய்வதை 1954-லேயே ஒரு மத்தியச் சட்டம் தடை செய்துவிட்டது. ஆனாலும், பஸ் ஸ்டாண்ட் சுவர்களில் போஸ்டர் குறைந்தபாடில்லை.

மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்குவதும் தப்பு. தொற்று பாதியில் அடங்கியதுபோல் இருந்து திரும்ப வரும். எந்தக் கிருமி என்று கண்டுபிடிப்பதும் சிரமமாகிவிடும்.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

தினக்கூலிக்குப் போகிறவருக்கு ஆஸ்பத்திரி என்றாலே ஒருநாள் சம்பளம் போச்சு. அதனால் எது அவசரம், எது இல்லை என்று தெரிந்திருப்பது முக்கியம்.

ஒரே ஒருமுறை வந்தால்: பதறாமல், வசதியான ஒரு நாளில் போய் சிறுநீர்ப் பரிசோதனையும் பி.பி-யும் பார்த்துவிடுங்கள். ரத்தம் துணையிடமிருந்து வந்ததா என்று சந்தேகம் இருந்தால், ஆணுறை போட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

தள்ளிப்போடக் கூடாதது:
• வயது 40-க்கு மேல்
• திரும்பத் திரும்ப வருகிறது, அல்லது ஒரு மாதம் தாண்டியும் நிற்கவில்லை
• சிறுநீரிலும் ரத்தம், எரிச்சல், வலி
• விரையில் கட்டி அல்லது வீக்கம்
• குடும்பத்தில் யாருக்காவது புராஸ்டேட் புற்றுநோய்
• உடலில் வேறு இடத்திலும் ரத்தக் கசிவு

குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல், சிறுநீரே போக முடியாத நிலை என்றால் அன்றைக்கே ஓட வேண்டும்.

எங்கே போவது?

முதலில் போடி அரசு மருத்துவமனையே போதும். தேவைப்பட்டால் க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, அதற்கும் மேல் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை. பாலியல் தொற்று சந்தேகம் இருந்தால் அரசு மருத்துவமனைகளில் 'சுகவாழ்வு மையம்' என்று கேளுங்கள். பரிசோதனை முடிவு வரும்வரை ஆணுறை அவசியம்.

ஆனால் ஒன்று. ஓ.பி. சீட்டு போடும் இடத்தில், பின்னால் இருபது பேர் நிற்க, "என்ன பிரச்சினை?" என்று சத்தமாகக் கேட்டால் யார் வாய் திறப்பார்கள்? இதை மருத்துவமனைகள்தான் மாற்ற வேண்டும். தனியாகப் பேச ஒரு திரை மறைவு கிடைத்தாலே பாதிப் பேர் லாட்ஜ் பக்கம் போக மாட்டார்கள்.

அதுவரை, கவுன்ட்டரில் "யூரின் பிரச்சினை" என்று மட்டும் சொல்லுங்கள். உள்ளே போனதும் சுற்றி வளைக்காமல், "விந்துல ரத்தம் வருது டாக்டர். இத்தனை நாளா, இத்தனை தடவை" என்று சொல்லிவிடுங்கள். தினமும் இதைவிடக் கூச்சமான விஷயங்களைக் கேட்பவர் அவர். உங்களுக்குத்தான் இது புதுசு, அவருக்கு இல்லை.