விழக் கற்ற பாடம்

விழாமல் நிற்பதற்கே கல்வி என்று நெடுங்காலம் எண்ணியிருந்தோம். அவ்வெண்ணத்தை மாற்றியது ஜூடோ என்னும் ஜப்பானியத் தற்காப்புக் கலை.

முதுகலை பயின்ற ஈராண்டும் மாலைப் பொழுதுகளில் அக்கலையைப் பயின்றோம். எதிர்நிற்பவரைத் தூக்கியெறியும் ஆவலோடு சென்ற நமக்கு முதற்சில வாரங்கள் கற்பிக்கப்பட்டது விழுவது மட்டுமே. 'உகேமி' என்பது அதன் பெயர். மோவாயை நெஞ்சோடு சேர்த்துத் தலையைக் காத்தல் வேண்டும். உடல் தரையைத் தொடும் நொடியில் கையால் பாயை ஓங்கி அறைதல் வேண்டும். கையை ஊன்றி வீழ்ச்சியைத் தடுக்க முயன்றால் மணிக்கட்டுக்கே கேடு. அஞ்சுபவரின் உடல் விறைக்கும். விறைத்த உடலே அடிபடும்.

இக்கலையை வகுத்த ஜிகோரோ கானோ (1860–1938) சிறந்த கல்வியாளருமாவார். பழைய ஜூஜுட்சு முறைகளைக் கற்றுத் தெளிந்து, 1882இல் டோக்கியோ நகரத்துப் பௌத்தக் கோயில் ஒன்றில், பன்னிரண்டு பாய் விரிக்கும் அளவே உள்ள அறையில் கோடோகான் என்னும் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். 'ஜுட்சு' என்பது வித்தை. 'டோ' என்பது நெறி. பெயரில் நேர்ந்த மாற்றமே அவர் உள்ளத்தைக் காட்டும். டோக்கியோவின் உயர்நிலை ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி முதல்வராகவும் அவர் பணியாற்றினார். தாமும் பிறரும் ஒருங்கே நலம்பெறுதல் என்பது அவர் வகுத்த இரு பெருங்கொள்கைகளுள் ஒன்று.

பயிற்சிக் களத்தில் அக்கொள்கையைக் கண்ணாரக் காணலாம். எறிபவர், விழுபவரின் சட்டைக்கையை இறுதிவரை விடாது பற்றிச் சற்றே மேல்நோக்கி இழுத்துப் பிடிப்பார். விழுபவரின் தலை தரையில் மோதாது. எறிந்ததும் கையை விட்டுவிடுபவரோடு பயில எவரும் விரும்பார்.

ஆசிரியப் பணிக்கு வந்தபின் இப்பாடத்தை நாமே மறந்தோம். ஒருமுறை, தேர்வில் தவறிய மாணவன் ஒருவனின் விடைத்தாளை வகுப்பில் உரக்கப் படித்துக் காட்டினோம். வகுப்பு சிரித்தது. நாம் இட்ட மதிப்பெண்ணில் பிழையில்லை. ஆயினும் மறுவாரம் முதல் அவன் கல்லூரிக்கு வரவில்லை. தந்தையின் கடையில் அமர்ந்துவிட்டான் என்று பின்னர் அறிந்தோம். சென்று அழைத்துவரப் பலமுறை எண்ணினோம்; செல்லவில்லை. அவனை வீழ்த்திய நாம் அவன் சட்டைக்கையைப் பற்றவில்லை.

தவறியவர்க்கு மதிப்பெண்ணை வாரி வழங்குக என்பது நம் கருத்தன்று. எறியாத துணைவரிடம் விழுபவர் எதையும் கற்கமாட்டார். எறிக; ஆனால் கையை விடற்க என்பதே நாம் சொல்ல விழைவது. தேர்வு முடிவு வரும் நாளில் முதல்வனைப் பாராட்டுமுன் தவறியவனைத் தனியே அழைத்துப் பேசுதல் ஆசிரியர் கடன். மகன் தவறினான் என்றதும் அவன் படிப்பை நிறுத்தாமல், மறுமுறை எழுதச் செய்தல் பெற்றோர் கடன். மாணவச் செல்வங்களே, உங்கள் கடனும் ஒன்றுண்டு: உடன் பயில்பவன் விழும்போது சிரியாதீர்கள். நாளை நீங்கள் விழும்போது கைகொடுக்க வேண்டியவன் அவனே.

அம்மாணவனின் கடை கல்லூரியிலிருந்து நெடுந்தொலைவில் இல்லை. இம்மலர் அச்சேறி வந்ததும் ஒரு படியை எடுத்துக்கொண்டு அங்குச் செல்வோம். தொலைநிலைக் கல்வியில் சேர்வதற்கான விண்ணப்பம் ஒன்றும் உடன் இருக்கும்.