3-ஆவது விமானந்தாங்கிக் கப்பல் தேவையா? பிரிட்டன் கைவிட்ட 'சிவிஏ-01' உணர்த்தும் பாடம்

புதுடெல்லி: இந்தியக் கடற்படைக்கு மூன்றாவது விமானந்தாங்கிக் கப்பல் தேவையா என்ற விவாதம் பல ஆண்டுகளாக முடிவின்றி நீடிக்கிறது. பராமரிப்புப் பணிக்காக ஒரு கப்பல் துறைமுகத்தில் நிற்கும்போதும் இரு கப்பல்கள் கடலில் இருக்க வேண்டும் என்பது கடற்படையின் வாதம். நீர்மூழ்கிக் கப்பல்களுக்கே முன்னுரிமை தேவை என மறைந்த முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் 2020-இல் கருத்துத் தெரிவித்தார். அந்தமான் நிக்கோபார் தீவுகளே 'மூழ்காத விமானந்தாங்கிகள்' என்போரும் உள்ளனர்.

ஏறத்தாழ இதே வாதங்கள், இதே இந்தியப் பெருங்கடலை முன்வைத்து, 60 ஆண்டுகளுக்கு முன்பு லண்டனில் எழுந்தன. அதன் விளைவாக 'சிவிஏ-01' என்ற விமானந்தாங்கிக் கப்பல் வரைபட நிலையிலேயே கைவிடப்பட்டது.

வரம்புக்குள் அடைக்கப்பட்ட வடிவமைப்பு

புதிய விமானந்தாங்கிக் கப்பல் கட்டப்படும் என்ற அறிவிப்பை பிரிட்டன் பாதுகாப்பு அமைச்சர் பீட்டர் தார்னிகிராஃப்ட் 1963 ஜூலை 30 அன்று நாடாளுமன்றத்தில் வெளியிட்டார். செலவைக் கட்டுப்படுத்த, கப்பலின் எடைக்கு 53,000 டன் என்ற வரம்பு விதிக்கப்பட்டது. எரிபொருள், விமானங்கள், வெடிபொருள்கள் என அனைத்தையும் ஏற்றினால் எடை 60,000 டன்னைத் தாண்டும். நீளம் 280 மீட்டருக்கும் அதிகம்.

வரம்புக்குள் அதிக விமானங்களை இயக்குவதற்காக வடிவமைப்பாளர்கள் பல புதுமைகளைப் புகுத்தினர். விமானங்கள் தரையிறங்கும் தளம் கப்பலின் மையக்கோட்டிலிருந்து 3.5 டிகிரி மட்டுமே சாய்ந்திருந்தது. கட்டுப்பாட்டுக் கோபுரம் வழக்கம்போல் தளத்தின் விளிம்பில் அமையாமல் சற்று உள்ளே தள்ளி வைக்கப்பட்டது. கோபுரத்துக்கும் விளிம்புக்கும் இடையே கிடைத்த பாதை வழியாக, தரையிறங்கும் பணிக்கு இடையூறின்றி விமானங்களை நகர்த்த முடியும். 'அலாஸ்கா நெடுஞ்சாலை' என்று அந்தப் பாதைக்குப் பெயரிட்டனர்.

விமானங்களை இழுத்து விண்ணில் ஏவ, தலா 76 மீட்டர் நீளமுள்ள இரு நீராவி கேடபுல்ட் கருவிகள் திட்டமிடப்பட்டன. ஃபான்டம், புக்கனியர் ரகங்களில் மொத்தம் 36 போர் விமானங்கள், 4 முன்னெச்சரிக்கை ரேடார் விமானங்கள், ஹெலிகாப்டர்கள் ஆகியவற்றைக் கப்பல் சுமந்து செல்லும். டச்சு நாட்டுடன் இணைந்து உருவாக்கிய புதிய ரேடாரும் 'சீ டார்ட்' ஏவுகணைகளும் இடம்பெறவிருந்தன.

ஆனால், எடை வரம்பு ஒவ்வொரு கட்டத்திலும் சமரசங்களைக் கோரியது. பெரிய கப்பல்களில் நான்கு உந்துதண்டுகள் இருப்பது வழக்கம். இதில் மூன்றே அமைந்தன. சோதிக்கப்படாத புதுமைகள் பல ஒரே கப்பலில் குவிந்தன. திட்டம் கைவிடப்பட்டபோது வடிவமைப்புக் குழுவிலேயே நிம்மதி அடைந்தவர்கள் இருந்தனர்.

தீவுகளை நம்பிய முடிவு

1966 பிப்ரவரியில் வெளியான பாதுகாப்பு வெள்ளை அறிக்கையில், கப்பல் கட்டப்படாது எனப் பாதுகாப்பு அமைச்சர் டெனிஸ் ஹீலி அறிவித்தார். அமெரிக்காவிடமிருந்து 50 எஃப்-111 போர் விமானங்களை வாங்கி, தரைத்தளங்களிலிருந்தும் தீவுகளிலிருந்தும் இயக்கினால் போதும் என்பது அரசின் நிலைப்பாடு. கடற்படைக்கான அமைச்சர் கிறிஸ்டோபர் மேஹியூ, கடற்படைத் தலைமைத் தளபதி டேவிட் லூஸ் ஆகிய இருவரும் பதவி விலகினர்.

அடுத்த இரண்டே ஆண்டுகளில் அந்த மாற்றுத் திட்டமும் சரிந்தது. ராட்சத ஆமைகளின் வாழிடமான அல்டாப்ரா தீவில் விமானத்தளம் அமைக்க அறிவியலாளர்கள் கடும் எதிர்ப்புத் தெரிவித்தனர். 1967 நவம்பரில் பவுண்டின் மதிப்பு குறைக்கப்பட்டது. அதே மாதத்தில் அல்டாப்ரா திட்டமும் கைவிடப்பட்டது. 1968 ஜனவரியில் எஃப்-111 கொள்முதல் ரத்தானது. சூயஸுக்குக் கிழக்கே உள்ள படைகள் 1971 இறுதிக்குள் திரும்பப் பெறப்படும் என்ற அறிவிப்பும் அப்போதே வெளியானது.

இதன் விலை 1982 ஃபாக்லாந்து போரில் தெரியவந்தது. பிரிட்டனின் கடைசிப் பெரிய விமானந்தாங்கிக் கப்பலான 'ஆர்க் ராயல்' அதற்குள் ஓய்வு பெற்றிருந்தது. 'ஹெர்மிஸ்', 'இன்வின்சிபிள்' ஆகிய சிறிய கப்பல்களும் அவற்றில் இருந்த சீ ஹாரியர் விமானங்களுமே கைகொடுத்தன. முன்னெச்சரிக்கை ரேடார் விமானங்கள் இல்லாத நிலையில், மே 4 அன்று அர்ஜென்டினாவின் எக்ஸோசெட் ஏவுகணை தாக்கியதில் 'ஷெஃபீல்ட்' போர்க்கப்பலில் 20 பேர் உயிரிழந்தனர். அதே 'ஹெர்மிஸ்'தான் 1987-இல் 'ஐஎன்எஸ் விராட்' என்ற பெயரில் இந்தியக் கடற்படையில் இணைந்து, 2017 வரை பணியாற்றியது.

இந்தியாவுக்கான கேள்வி

ஹீலியின் முடிவை முற்றிலும் தவறு என்று கூறிவிட முடியாது. பிரிட்டனின் நிதிநிலை பலவீனமாக இருந்தது. எந்தக் கடலுக்காகக் கப்பல் திட்டமிடப்பட்டதோ, அந்தக் கடலிலிருந்தே அந்நாடு வெளியேறியது. இந்தியாவுக்கு அத்தகைய வாய்ப்பு இல்லை. இந்தியப் பெருங்கடல் இந்தியாவின் வாசல்.

வடிவமைப்பிலும் பாடம் உண்டு. 2022 செப்டம்பரில் கொச்சியில் கடற்படையில் இணைந்த 'ஐஎன்எஸ் விக்ராந்த்', 'ஐஎன்எஸ் விக்ரமாதித்யா' ஆகிய இரண்டிலும் 'ஸ்கீ ஜம்ப்' எனப்படும் மேல்நோக்கி வளைந்த தளமே உள்ளது, கேடபுல்ட் இல்லை. இதனால் விமானங்கள் சுமக்கும் எரிபொருளும் ஆயுதங்களும் மட்டுப்படுகின்றன. முன்னெச்சரிக்கைப் பணிக்கு காமோவ்-31 ஹெலிகாப்டர்களையே நம்ப வேண்டியுள்ளது. 26 ரஃபேல்-எம் விமானங்களுக்கு 2025 ஏப்ரலில் ஒப்பந்தம் கையெழுத்தான பிறகும் இந்த வரம்பு நீடிக்கும். கேடபுல்ட் வேண்டுமா என்பதை முதல் வரைபடத்திலேயே தீர்மானிக்க வேண்டும். 65,000 டன் எடையுள்ள 'குயின் எலிசபெத்' ரகக் கப்பலில் கேடபுல்ட் பொருத்த பிரிட்டன் 2010-இல் முடிவெடுத்து, செலவு உயர்ந்ததால் 2012-இல் பின்வாங்கியது குறிப்பிடத்தக்கது.

எனினும், 'சிவிஏ-01' உணர்த்தும் முதன்மையான பாடம் வேறு. எடையும் விலையும் குறைகளும் வெளிப்படையாகத் தெரிந்த ஒரு கப்பலை, வாங்கப்படாத விமானங்களோடும் கட்டப்படாத தளங்களோடும் பிரிட்டன் ஒப்பிட்டது. காகிதத்தில் மட்டும் இருக்கும் மாற்றுத் திட்டம் எப்போதும் மலிவாகவே தோன்றும். மூன்றாவது கப்பல் வேண்டாம் என இந்தியா முடிவெடுக்கலாம். அவ்வாறு முடிவெடுத்தால், அதற்கு ஈடாகக் கூறப்படும் நீர்மூழ்கிக் கப்பல்களுக்கும் தீவுத் தளங்களுக்கும் அதே நாளில் நிதியும் காலக்கெடுவும் உறுதிசெய்யப்பட வேண்டும். இல்லையெனில், கப்பலும் மாற்றும் இரண்டுமே கைநழுவிப் போகும்.