பளிங்குப் பலகையும் தகரக் கூரையும்

நம்மவர் பள்ளிக்கூடம் கட்டும் முறையைப்பற்றிச் சில சொல்லப் புகுகின்றோம். சிலருக்கு இது கசக்கும், கசக்கட்டும்.

அண்மையில் ஒரு தமிழ்ப் பள்ளியின் புதுக் கட்டிடத் திறப்பு விழாவுக்குச் சென்றிருந்தோம். வாயிலில் அலங்கார வளைவு, முகப்பெங்கும் கண்ணாடி, நன்கொடை ஈந்த கனவான்களின் பெயர்கள் பளிங்கிலே. மாலைகளுக்கும் சொற்பொழிவுகளுக்கும் குறைவில்லை. பிற்பகலில் வகுப்பறைக்குள் நுழைந்தோம். தாழ்ந்த தகரக் கூரை. அதன்கீழ் மச்சு இல்லை. சன்னல்களெல்லாம் மேற்கு நோக்கி! பிள்ளைகளின் சட்டைகள் வியர்வையில் ஒட்டியிருந்தன. சற்றைக்கெல்லாம் மழை பிடித்தது. தகரத்தின் பேரிரைச்சலில் ஆசிரியையின் குரல் முதல் வரிசைக்கும் எட்டவில்லை. “அடுத்த ஆண்டு குளிர்சாதனம் பொருத்திவிடுவோம்” என்றார் குழுவினர் ஒருவர். மாதந்தோறும் மின்கட்டணம் யார் கட்டுவது என வினவினோம். அவர் பந்தியைக் கவனிக்கப் போய்விட்டார்.

பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்கவேண்டுமென 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. துரைமார் பலர் ஒரு கொட்டகையைக் காட்டிக் கடமை முடிந்ததென்றனர். அன்று கேட்பதற்கு நமக்கு நாதியில்லை. இன்றோ பணம் நம்முடையது. கட்டிடப் படம் வரைபவரை அமர்த்துவோரும் நாமே. இன்றும் பிள்ளை வேகுமாயின் பழியை எந்தத் துரைமேல் போடுவது?

பூமத்திய ரேகையை அடுத்த இந்நாட்டில் உச்சி வெயில் நேரே கூரைமேல் இறங்குகிறது. காலை மாலை வெயில் கிழக்கு மேற்குச் சுவர்களைச் சுடுகிறது. ஆதலின் கட்டிடம் கிழக்கு மேற்காய் நீண்டு, சன்னல்கள் வடக்கிலும் தெற்கிலும் எதிரெதிரே அமையவேண்டும். இறவாணம் அகன்றிருக்கவேண்டும், கூரைக்கடியில் வெப்பத்தடுப்பும், உச்சியில் அனற்காற்று வெளியேற வழியும் வேண்டும். இது புதுமையன்று. தூண்மேல் உயர்ந்து நிற்கும் மலாய்க்காரர் வீடு இதைத்தானே சொல்கிறது? கூரைநீரை நாம் சாக்கடைக்கு விடுகிறோம், அதுவும் ஊதாரித்தனமே. ஆண்டுக்கு 2,400 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊரில் 300 சதுர மீட்டர் கூரைமேல் 7 இலட்சம் லிட்டர் விழுகிறது. கழிப்பறைக்கும் தோட்டத்துக்கும் குழாய்நீர் எதற்கு?

“அத்தாப்புக் கொட்டகைக்குத் திரும்பச் சொல்கிறீர்களா?” எனச் சிலர் சீறுவர். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகம் 2019-இல் திறந்த கட்டிடக்கலைப் பள்ளிக் கட்டிடத்தைப் பார்த்துவிட்டுச் சீறட்டும். அங்கே பரந்த கூரைநிழல், திறந்த தாழ்வாரங்கள், மின்விசிறியோடு மிதமான குளிர்காற்று. ஆண்டில் தான் செலவிடும் மின்சாரத்தைக் கூரைமேலுள்ள சூரியத் தகடுகளால் தானே ஈட்டும்படி அதனை அமைத்தனர். அது கொட்டகையா?

வெப்பமோ ஏறிவருகிறது. 2016 ஏப்ரலில் பெர்லிஸ், கெடா மாநிலங்களில் 250-க்கு மேற்பட்ட பள்ளிகளை வெயிலுக்கஞ்சி மூடினார்களே, மறந்தோமா?

பெற்றோர்களே, அடுத்த கட்டிடக் குழுக் கூட்டத்தில் படத்தை விரித்துக் காட்டச் சொல்லுங்கள். சன்னல் எத்திசை, கூரைக்கடியில் என்ன, மழைநீர் எங்கே போகும் எனக் கேளுங்கள். விடை வரும்வரை வளைவுக்கென்று ஒரு வெள்ளியும் கொடாதீர்கள்.