நந்தனும் நெருப்பும்

நந்தன் கதையைக் கேளாத விவசாயத் தொழிலாளி காவிரிக் கரையில் அபூர்வம். ஆதனூர்ச் சேரியில் பிறந்தவர் நந்தன். தில்லைக் கோயிலுக்குள் போக ஆசைப்பட்டார். ஜாதி தடுத்தது. தீயில் இறங்கினார், பூணூலும் சடைமுடியுமாக முனிவர் வடிவில் எழுந்தார், சந்நிதியில் மறைந்தார். இது நடந்த சரித்திரம் என்றே பலரும் நம்புகிறார்கள்.

சரித்திரம் என்றால் சாட்சி வேண்டாமா? 8ம் நூற்றாண்டில் சுந்தரர் இவரை ஒரே வரியில் குறிப்பிட்டார். அதில் தீ இல்லை. தீக்குளித்த கதையை விரிவாகப் பாடியவர் 12ம் நூற்றாண்டின் சேக்கிழார். அவர் பாட்டிலும் பண்ணையார் கிடையாது. 19ம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார்தான் ஒரு வேதியர் பண்ணையாரையும் 40 வேலி நிலத்தையும் சேர்த்தார். சிவனின் பூதங்கள் அத்தனை நிலத்தையும் ஒரே இரவில் விளைவித்துக் கொடுத்தனவாம்!

நாற்று விட்டு, நட்டு, களை பறித்து, அறுத்துக் களம் சேர்க்க எத்தனை மாதம், எத்தனை கை வேண்டும் என்பது உழைக்கிறவனுக்குத் தெரியாதா? தீ என்ன செய்யும் என்பதையும் ஆலைத் தொழிலாளி அறிவான். பஞ்சுக் கிடங்கில் பற்றிய நெருப்பு ஜாதி கேட்டுச் சுடுவதில்லை.

1968 டிசம்பர் 25 இரவு. கூலி உயர்வு கேட்டுச் சங்கமாய் நின்ற கீழவெண்மணித் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். அந்தத் தீயிலிருந்து எந்த முனிவரும் எழுந்து வரவில்லை. சாம்பலே மிஞ்சியது.

அப்படியானால் கோயில் கதவு எப்படித் திறந்தது? 1939 ஜூலை 8ந் தேதி வைத்தியநாத ஐயர் தலைமையில் தாழ்த்தப்பட்ட தோழர்கள் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் நுழைந்தார்கள். 1947ல் சென்னை மாகாணம் முழுமைக்கும் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது. யாரும் தீயில் இறங்கவில்லை. காலால் நடந்தே போனார்கள்!

கும்பிடுகிறவரைக் கேலி செய்வது நம் வேலையல்ல. நந்தனின் ஏக்கம் மெய்யானது. சேரியில் பிறந்த ஒவ்வொருவரும் பட்ட ஏக்கம் அது. ஆனால் கதைக்குள் ஒரு தீர்ப்பு ஒளிந்திருக்கிறது. சேரிப் பிறப்பு அழுக்கு, அதை எரித்தால்தான் போகும், பூணூல் ஏறிய பிறகே கதவு திறக்கும் என்பதே அந்தத் தீர்ப்பு. கதையை நடந்ததாக நம்புகிறவன் அந்தத் தீர்ப்பையும் தன்னை அறியாமலே நம்பிவிடுகிறான்.

அந்தத் தீர்ப்பு இன்னும் சாகவில்லை. 2023ல் விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் தலித் மக்கள் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் போகத் தடுக்கப்பட்டார்கள். தகராறு முற்றி, அதிகாரிகள் கோயிலையே பூட்டி சீல் வைத்தார்கள்.

ஆகவே, தோழர்களே, எந்தப் புராணத்தைக் கேட்டாலும் கேளுங்கள்: இதை யார் சொன்னார்கள்? எப்போது சொன்னார்கள்? இதை நம்பினால் யாருக்கு லாபம்? நெல்லை அளக்கும்போது மரக்காலைச் சோதிக்கிறோம். கதையை அளக்கவும் ஒரு மரக்கால் வேண்டும். நம் குழந்தைகளுக்கும் அதைக் கொடுப்போம்.