சைக்கிளைச் சுமக்கும் காலம்

ஐரோப்பாவில் குளிர்காலம் வந்ததும் சாலைச் சைக்கிள் பந்தயங்கள் ஓய்ந்து விடுகின்றன. பந்தய வீரர்கள் கணப்பருகே உட்கார்ந்து உடம்பைப் பெருக்குகிறார்களா என்றால், அதுதான் இல்லை. சிலர் வீட்டுக்குள்ளேயே மூன்று உருளைகளின் மேல் சைக்கிளை நிறுத்தி, இருந்த இடத்திலேயே மிதிக்கிறார்கள். காற்றும் கிடையாது, காட்சியும் கிடையாது. வியர்வை மட்டும் ஆறாய்ப் பெருகும்!

இந்தத் தண்டனைக்கு உடன்படாதவர்கள் வயலிலும் தோப்பிலும் இறங்கி விடுகிறார்கள். 'சைக்ளோ கிராஸ்' என்னும் இவ்விளையாட்டு பிரான்ஸ் தேசத்தில் பிறந்தது. 1902-ம் வருஷத்தில் அங்கே முதல் தேசியப் போட்டி நடந்தது. பந்தயம் சுமார் ஒரு மணி நேரந்தான். ஆனால் சேறு ஆழ்ந்த இடத்திலும் செங்குத்தான மேட்டிலும் வீரர் குதித்திறங்கி, சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். நாம் ஏற வேண்டிய வாகனம் நம்மீது ஏறிச் சவாரி செய்கிறது! இதிலும் ஒரு சௌகரியம் உண்டு. மிதிக்கும்போது குளிரில் மரத்துப் போகிற பாதங்களுக்கு ஓட்டத்தினால் சூடு பிறக்கிறது. வேகம் குறைவாதலால் எதிர்காற்றின் கடுமையும் குறைவு. சேற்றுச் சட்டையைத் துவைப்பவர்கள் என்ன சொல்லுவார்களோ, அது வேறு விஷயம்.

1910-ல் பிரான்ஸைச் சுற்றிவரும் 'டூர் டி பிரான்ஸ்' பந்தயத்தில் ஜயித்த ஆக்டேவ் லாபீஸ், தம் வெற்றிக்குக் குளிர்காலச் சேற்றுப் பழக்கமே காரணம் என்றார். அவ்வருஷம் டூர்மாலே கணவாயின் உச்சியை முதலில் அடைந்தவரும் அவரே. வழியில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தும் சென்றார். அதன் பிறகுதான் சேற்றுப் பந்தயத்துக்கு மதிப்பு உயர்ந்தது. 1917-ல் யுத்த விமானியாக இருக்கையில் அவர் உயிர் துறந்தார்.

நெதர்லாந்து வீரர் மாத்தியூ வான் டெர் பூல் 2023 பிப்ரவரியில் சேற்றிலும், ஆகஸ்டில் சாலையிலும் உலகப் பட்டம் பெற்றார். இரண்டுக்கும் இடையே ஆறே மாதம்.